தளத்து வெக்கை இறங்கும் நேரம்

வேலூரில் வேலை கிடைத்து, மொட்டை மாடிக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியேறியிருக்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரவு பதினொரு மணிக்கும் தளம் அனலைக் கொட்டுகிறது. ஏசி இல்லாத காலத்தில் இதே ஊரில் எப்படித் தூங்கினீர்கள்? அப்போது வெயில் குறைவா, அல்லது உங்கள் தலைமுறைக்கு உடம்பில் வலு அதிகமா?"

இரண்டுமே இல்லை. நான் 1951-இல் வேலூரில் பிறந்தவன். என் தாத்தா சுண்ணாம்புத் தளம் போடும் கொத்தனார். நான் கட்டடப் பொறியாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டுக்கு முதல் ஏசி 2006-இல்தான் வந்தது. அதற்கு முன் ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்திரிகளை அது இல்லாமல்தான் கடந்தோம். இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. ஆகவே இன்றைய வெயில் அன்றையதைவிடக் கூடுதல்தான். ஆனால் என் சிறுவயதிலும் மே மாதத்தில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கிய நாட்களை நாங்கள் கொண்டாடினோம். உடம்பு வலு என்பதும் சரியில்லை. எங்களுக்கும் வேர்க்குரு வந்தது, மயக்கம் வந்தது, குழந்தைகள் இரவெல்லாம் அழுதன. வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரே அறையில் பகலையும் இரவையும் கழிப்பது என்ற பழக்கமே எங்களுக்கு இல்லை. நிழலும் காற்றும் எந்த நேரத்தில் வீட்டின் எந்தப் பகுதிக்கு வருமோ, பாயைச் சுருட்டிக்கொண்டு நாங்கள் அங்கே போய்விடுவோம்.

ஊரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. வேலூரைப் பற்றிப் பழைய சொலவடை ஒன்று உண்டு: மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். கடைசிக் குறை 1981-இல் தீர்ந்தது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரரை அந்த ஆண்டு மீண்டும் எழுந்தருளச் செய்தார்கள். முதல் இரண்டும் தீரவில்லை. அந்த இரண்டு குறைகளிலேயே ஊரின் வெக்கைக்கான காரணமும் அடங்கியிருக்கிறது. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். அவை பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் ஊரின்மேல் விடுகின்றன. வடக்கே பாலாறு, கோடையில் அகன்ற மணல் பரப்பு. மதியம் அந்த மணலில் வெறுங்காலுடன் பத்தடி நடக்க முடியாது. கடல் நூற்றிருபது கிலோமீட்டருக்கு அப்பால். சென்னைக்காரர்களுக்கு மதிய வாக்கில் கடற்காற்று வந்து சேர்ந்தால் உச்சி வெயில் அத்துடன் உடைந்துவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பகல் முழுக்க மேற்கிலிருந்து காய்ந்த காற்றுதான் அடிக்கும்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். நான் வளர்ந்த வீடு சைதாப்பேட்டைப் பக்கம் (சென்னைச் சைதாப்பேட்டை இல்லை, வேலூரிலும் அந்தப் பெயரில் ஒரு பகுதி உண்டு) நீளவாக்கில் அமைந்த வீடு. தெருவை ஒட்டித் திண்ணை, பிறகு ரேழி என்ற நடைவழி, கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைத் தாண்டி அடுக்களை, கடைசியில் கிணறும் புழக்கடையும். முன்பாதிக்கு மெட்ராஸ் டெரஸ் தளம். பின்பாதிக்கு நாட்டு ஓடு.

அந்தத் தளத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதில் இருக்கிறது. சுவர்களின்மேல் தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிசையாக வைப்பார்கள். அவற்றின்மேல், தளத்துக்கென்றே சுட்ட சின்னச் செங்கற்களை நிறுத்தி வைத்து, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் கொண்ட கற்கள் அவை. நிறுத்தி வைப்பதால் அந்த அடுக்கே மூன்று அங்குலம் வந்துவிடும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கைப்பிடி வைத்த மரப்பலகையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கும்போது கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். எப்போது நிறுத்துவது? பலகை தளத்தில் பதியாமல் துள்ளித் திரும்பி, 'டங்' என்று ஒலி கேட்க வேண்டும். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு காதால்தான் தளத்தைச் சோதிப்பார். கடைசியாக மேலே தட்டோடு என்ற தட்டையான சுட்ட ஓட்டைப் பதித்து முடிப்பார்கள். மொத்தம் எட்டு அங்குலம் வரும்.

வெயில் தளத்தின் மேல்பரப்பைச் சுடுவது பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு. அந்தச் சூடு உடனே கீழே வந்துவிடாது. தளத்தின் கனத்துக்குள் மெல்ல மெல்ல இறங்கி வரும். எட்டு அங்குலச் செங்கல் சுண்ணாம்புத் தளத்தில் அது கீழ்ப்பரப்புக்கு வந்து சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதாவது மதியம் ஒரு மணிக்கு விழுந்த வெயில், இரவு எட்டு ஒன்பது மணிக்குத்தான் கூடத்துக்குள் அனலாக எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்! எல்லோரும் மாடிக்கோ முற்றத்துக்கோ திண்ணைக்கோ போயிருப்பார்கள். தளம் ஆளில்லாத அறைக்குள் தன் சூட்டை இறக்கிவிட்டு, விடியற்காலைக்குள் ஆறிப்போய் அடுத்த பகலுக்குத் தயாராகிவிடும். பதினோரு மணி வெயிலில் தெருவிலிருந்து கூடத்துக்குள் நுழைந்தால் குகைக்குள் நுழைந்தது போல இருந்ததற்கு இதுதான் காரணம். வீட்டுக் கட்டுமானமும் வீட்டாரின் நேரப் பழக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. இதை யாரும் சூத்திரம் எழுதிக் கண்டுபிடிக்கவில்லை. பல தலைமுறை அனுபவத்தில் படிந்த அறிவு அது.

உங்கள் வீட்டுத் தளம் நாலரை அல்லது ஐந்து அங்குலக் கான்கிரீட். அதில் சூடு மூன்று நான்கு மணி நேரத்தில் கீழே வந்துவிடும். மாலை ஐந்து மணிக்கு நீங்கள் வேலை முடிந்து திரும்பும்போது அது இறங்கத் தொடங்கியிருக்கும். பாறை போன்ற அந்தக் கனம் பகலெல்லாம் வாங்கியதை நள்ளிரவு தாண்டியும் விட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் அந்த அறையில் இருக்கும் நேரமும், அறை கொதிக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டன. போதாக்குறைக்கு அன்றைய கூடம் பதினொன்று, பன்னிரண்டு அடி உயரம். மேலேறிய சூடான காற்று வெளியேறத் தளத்தை ஒட்டி வெண்டிலேட்டர் இருக்கும். இன்று பத்தடி; வெண்டிலேட்டர் கிடையாது. தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி, தளத்தை ஒட்டித் தேங்கிய அனலைத்தான் உங்கள்மேல் தள்ளுகிறது.

நானே அப்படிப்பட்ட வீடுகளைக் கட்டியிருக்கிறேன். எழுபதுகளில் கான்கிரீட் தளம் போட்டாலும் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துச் 'சுருக்கி' போட்டு, தட்டோடு பதிக்கும் வழக்கம் இருந்தது. மழைநீர் இறங்காமல் இருக்கத்தான் அது என்று எல்லோரும் நினைத்தார்கள். வெயிலையும் பாதி தடுத்தது. பிறகு செலவைக் குறைக்க வேண்டும் என்று வீடு கட்டுபவர்கள் முதலில் கைவைத்தது அந்தச் சுருக்கியில்தான். எண்பதுகளில் நான் மேற்பார்வை பார்த்த ஒரு குடியிருப்பில் சுருக்கி இல்லாமலேயே தளத்தை விட்டுவிட்டோம். அடுத்த மே மாதம் அந்தப் பக்கம் போனபோது, மேல் மாடியில் இருந்த குடும்பங்கள் இரவில் படிக்கட்டுகளில் படுத்திருந்ததைப் பார்த்தேன். கைக்குழந்தையை மடியில் வைத்து ஒரு பெண் விசிறிக்கொண்டிருந்தார். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அதன் பிறகு நான் பொறுப்பேற்ற எந்த வேலையிலும் சுருக்கியை விட்டுக்கொடுத்ததில்லை.

எப்படித் தூங்கினோம் என்று கேட்டீர்கள். மாலை ஆறரை மணிக்கு, வெயில் முற்றிலும் இறங்கிய பிறகு, மாடியில் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகளான எங்கள் வேலை. கிணற்றிலிருந்து இறைத்துப் பத்துப் பன்னிரண்டு குடம். முதல் இரண்டு குடமும் விழுந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சுட்ட செங்கல்லும் சுண்ணாம்பும் நனைந்த வாசனை எழும். வெயில் இருக்கும்போதே ஊற்றினால் வீண், புழுக்கம்தான் மிஞ்சும். சூரியன் மறைந்த பிறகு ஊற்ற வேண்டும் என்பது பாட்டியின் கண்டிப்பு. எட்டு மணிக்கு மேல் கோரைப்பாயை விரிப்போம். கோரைப்பாயில் வியர்வை தேங்காது, காற்றுப் புகும். வயதானவர்களுக்குக் கயிற்றுக் கட்டில். அடியிலிருந்தும் காற்று வரும் என்பதால் முதுகு வேகாது. மெத்தை என்ற பேச்சுக்கே கோடையில் இடமில்லை, இலவம் பஞ்சுத் தலையணையோடு சரி. மேகமில்லாத வானத்தின் கீழே தளமும் உடம்பும் தம் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும். இரண்டு மணிக்கு மேல் போர்வை தேடும் அளவுக்குக் குளிரும் இரவுகளும் உண்டு. வானம் மூடிய இரவுகளில் அந்த வழி அடைபட்டுவிடும். அன்று ஒருவரும் தூங்க மாட்டோம். கோடை மழை வரப்போகிறதென்று அதை வைத்தே பெரியவர்கள் சொல்வார்கள். மழை வந்தால் பாய்களை அள்ளிக்கொண்டு இருட்டில் மாடிப்படியில் ஓடி இறங்குவது ஒரு திருவிழா.

இந்த நினைவுகளில் நான் மகிழ்ச்சியோடு திளைக்கலாம்தான். ஆனால் யார் எங்கே படுத்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் திண்ணையிலும் தெருவிலும் கட்டிலைப் போட்டுப் படுத்தார்கள். சிறுவர்கள் மாடியில். வயதுக்கு வந்த பெண்களை மாடிக்கு விடாத வீடுகள் எங்கள் தெருவிலேயே பல இருந்தன. பக்கத்து மாடியிலிருந்து பார்ப்பார்கள் என்பது காரணம். முற்றம் இருந்த வீட்டுப் பெண்கள் பிழைத்தார்கள். முற்றம் இல்லாத ஒண்டுக் குடித்தன வீடுகளில், தளத்துச் சூடு இறங்கும் அதே அறையில் கதவை அடைத்துக்கொண்டு அவர்கள் படுத்தார்கள். நான் மேலே பெருமையாகச் சொன்னேனே, ஆளில்லாத அறையில் சூட்டை இறக்கும் தளம் என்று. அந்த அறையில் பல வீடுகளில் பெண்கள் இருந்தார்கள்.

அடுக்களையும் அப்படித்தான். மே மாதத்தில் விறகு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். என் அம்மா விடியற்காலை நான்கரைக்கு அடுப்பை மூட்டி எட்டு மணிக்குள் நாள் முழுவதற்குமான சமையலை முடித்துவிடுவார். மதியத்துக்கு ஆறிய சோறும் குழம்பும். இரவுக்குப் பெரும்பாலும் மிஞ்சியதும் மோரும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலை அடுப்பில்லாமல் ஓர் வேளை கழிந்தது. பழைய சோற்றின் மருத்துவக் குணங்களைப் பற்றி இப்போது எவ்வளவோ பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதன் முதல் பயன், அம்மா ஒரு வேளை அடுப்புக்கு முன்னால் உட்கார வேண்டியதில்லை என்பதே. கோடையில் கேழ்வரகுக் கூழுக்கு இருந்த மதிப்புக்கும் இதே காரணம் பாதி. ஒருமுறை காய்ச்சினால் இரண்டு நாள் கரைத்துக் குடிக்கலாம், வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொள்ளப் போதும்.

ஊரின் வேலை நேரமும் வெயிலைப் பார்த்தே அமைந்தது. மாடுகட்டிக் கிணற்றில் கவலை (நீர் இறைக்கும் பெரிய சால்) இறைப்பவர்கள் விடிவதற்கு வெகு முன்பே மாடுகளைப் பூட்டி, வெயில் ஏறுவதற்குள் அவிழ்த்துவிடுவார்கள். கடைகளில் மதியம் ஒரு மணிக்குமேல் பாதிக் கதவு சாத்தியிருக்கும். நான்கு மணிக்குத்தான் தெருவில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்கும். குடியாத்தத்தில் கைத்தறி நெசவாளர்கள் குழித்தறியில் உட்காருவார்கள். இடுப்புக்குக் கீழே தரைக்குள் இருப்பதால் கால்களுக்குக் குளுமை. காய்ந்த காற்றில் நூல் பட்டுப்பட்டென்று அறும் என்பதால் தறிக்குழியைச் சுற்றி ஈரம் தெளித்து வைப்பதும் அவர்கள் வழக்கம். அது நூலுக்குச் செய்தது, ஆளுக்கும் உதவியது. பீடி சுற்றும் பெண்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. விசிறி போட்டால் முறத்தில் இருக்கும் புகையிலைத் தூள் பறக்கும், இலை காய்ந்து நொறுங்கும். ஆகவே மின்விசிறி வந்த பிறகும் அதை நிறுத்திவிட்டு, ஆயிரம் பீடி முடியும் வரை வியர்வையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் தேவை. அதில் பெரும்பகுதியை உள்ளே இருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு தூரம் குளிரும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வேலூரில் மே மாத மதியம் 40 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அந்த எல்லை 24 டிகிரி. பானைத் தண்ணீர் அதை நெருங்கிவிடும். அதனால்தான் வெயிலில் வந்து குடித்தால் சில்லென்று இருக்கிறது. சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் எல்லை 29 டிகிரிக்கே வந்து நின்றுவிடும். பானை அங்கே ஏமாற்றுகிறது என்று சென்னைக்குப் போன என் அக்கா சொன்னது உண்மைதான். பானையின் குற்றமில்லை, காற்றின் குணம். எங்கள் வீட்டில் பானையை ஈர மணல் பரப்பி அதன்மேல் வைத்து, வாயில் ஈரத்துணி சுற்றி, உள்ளே ஒரு முடிச்சு வெட்டிவேர் போட்டிருப்போம். முக்கியமாக அது காற்றோட்டமுள்ள ரேழியில் இருக்கும். மூடிய அறையின் மூலையில் வைத்த பானை குளிராது.

வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே கணக்கு. வீட்டின் மேற்குச் சன்னலில் கட்டி, அரை மணிக்கொரு முறை தண்ணீர் தெளித்தால், அனலாக வரும் மேல்காற்று ஈர வேரைத் தாண்டும்போது பத்து டிகிரி வரை இறங்கி மணத்தோடு உள்ளே வரும். வேலூர், திருச்சி, மதுரை போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு ஏற்ற பொருள். ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் அறைக்குள் தேங்கி, வியர்வை உலராமல், முன்னிலும் மோசமாகிவிடும். சன்னலை எல்லாம் அடைத்துவிட்டு ஈரத் துணியைத் தொங்கவிடும் இன்றைய சிலருக்கு அது ஏன் பயன்படவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

குடிப்பதைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. நீர்மோர், பானகம், நுங்கு, இளநீர், நன்னாரி, வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் உங்களுக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாலாற்று மணலில் இரண்டு மூன்றடி தோண்டினால் ஊற்று சுரக்கும்; அந்தத் தண்ணீரின் குளுமையும் சுவையும் பானைக்கும் வராது. மேலே கொதிக்கும் மணல்தான் கீழே இருக்கும் நீருக்குக் கூரை. மணலை அள்ளினார்கள், தோல் பதனிடும் கழிவை விட்டார்கள். நீரில்லாத ஆறு என்று சொலவடை சொன்ன காலத்தில்கூட அந்த ஆறு மணலுக்கடியில் நீரை வைத்திருந்தது. இப்போது சொலவடை முழுக்க உண்மையாகிவிட்டதே என்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

கத்திரி என்கிற அக்கினி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் சாமிக்கும் வெக்கை என்பது நம் மக்களின் எண்ணம். திருவண்ணாமலை முதலிய சிவாலயங்களில் லிங்கத்தின்மேல் அடியில் துளையிட்ட பாத்திரத்தைத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்யும் தாராபிஷேகம் நடக்கும். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம், வேனிலில் மீனாட்சியும் சொக்கரும் வந்து இளைப்பாறுவதற்கான வசந்த மண்டபம். சுற்றிலும் நீர் நிற்கத் தொட்டி அமைத்தார்கள். நீரைத் தொட்டு வரும் காற்று குளிரும் என்று அறிந்து கட்டிய கட்டடம் அது. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வெயிலின் உச்சத்திலேதான் நடக்கும். தெருவெங்கும் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுப்பார்கள். யார் எவர் என்று கேட்காமல் தருவார்கள். தண்ணீர்ப் பந்தல் வைப்பது இங்கே கொடையாளிகளின் விளம்பரமாக இருந்ததில்லை. வழியில் ஒருவன் விழுந்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்த வழக்கம் அது.

ஓலைக் கூரையைப் பற்றிப் பலரும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். உண்மைதான், பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்த கூரைக்கு நிகரான குளுமை வேறெதிலும் இல்லை. ஓலைக்குள் அடைபட்ட காற்றே தடுப்பாக நிற்கும், சூட்டைச் சேர்த்து வைக்காது. எங்கள் வீட்டிலும் மாடியில் பாதிக்குக் கீற்றுக் கொட்டகை போடுவோம். ஆனால் கோடையில் ஒரு பொறி போதும். சேரியில் ஒரு குடிசை பிடித்தால் வரிசை முழுவதும் கால் மணி நேரத்தில் சாம்பலாகும். சிறுவனாக நான் அதைப் பார்த்திருக்கிறேன். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றானது. அது முற்றிலும் சரியான முடிவு. துயரம் என்னவென்றால், ஓலை போன இடத்தில் ஏழைகளுக்குக் கிடைத்தது ஆஸ்பெஸ்டாஸ் தகடு. தீயிலிருந்து தப்பியவர்கள் அந்தத் தகட்டின் கீழே பகலெல்லாம் வேகிறார்கள்.

பணம் படைத்தவர்கள் அன்றும் வேறு வழிகளைக் கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் உறைந்த குளங்களிலிருந்து வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, பிரெடரிக் டியூடர் என்ற வணிகர் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது. சென்னையில் அந்தக் கட்டிகளைச் சேமிக்க 1842-இல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஆங்கிலேய கவர்னர்கள் அரசாங்கத்தையே கட்டிக்கொண்டு உதகைக்கு ஏறினார்கள். அலுவலகங்களில் பங்கா என்ற பெரிய துணி விசிறி தொங்கியது; ஒருவருக்குக் காற்று வர, வெளியே வராந்தாவில் இன்னொருவர் நாள் முழுவதும் கயிற்றை இழுத்துக்கொண்டு வியர்த்தார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் கோடைகளை எல்லோரும் கடக்கவில்லை. பெரியம்மை வறண்ட மாதங்களில்தான் பரவும். 1975-இல் இந்தியாவிலிருந்து ஒழியும் வரை கோடை என்றாலே வாசலில் வேப்பிலை செருகிய வீடுகள்தான். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் போனார்கள். கத்திரியில் கிழவர்கள் ஒவ்வொருவராகப் போவதை 'காலம் வந்துவிட்டது' என்று சொல்லி முடித்தோம். வெயில் கொன்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என் பாட்டி 1966 மே மாதத்தில், மதியத் தூக்கத்தில் இறந்தார். அன்று காலையிலிருந்து அவருக்கு வியர்க்கவே இல்லை. அது வெப்பத்தாக்கின் அறிகுறி என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ஆகவே வீட்டில் முதியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால், நோயாளி இருந்தால், பழைய வழிகளை நம்பி ஏசியைத் தள்ளிப்போடாதீர்கள். கடுமையான வெயிலில் காற்று உடம்புச் சூட்டைத் தாண்டிவிட்டால் மின்விசிறி மட்டும் காப்பாற்றாது. உடம்பு நனைந்திருந்தால்தான் அந்தக் காற்றால் பயன்.

நீங்கள் தனியாக இருக்கும் இளைஞர் என்று நினைத்துச் சொல்கிறேன். உங்களால் தளத்தை மாற்ற முடியாது. அதன்மேல் விழும் வெயிலைக் குறைக்கலாம். வீட்டு உரிமையாளரிடம் கேட்டு மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். கல் சுண்ணாம்பை முதல் நாள் மாலையே பெரிய பாத்திரத்தில் நீற்றி ஆறவிடுங்கள். நீறும்போது கொதித்துத் தெறிக்கும், எட்ட நில்லுங்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மறுநாள் வடிகட்டி, ஒட்டிப் பிடிக்க வடித்த கஞ்சியும் ஒரு கைப்பிடி உப்பும் சேர்த்து, தளத்தைப் பெருக்கி நனைத்துவிட்டு, ஏழு மணிக்குள் முதல் பூச்சை முடியுங்கள். வெயிலில் பூசினால் உடனே காய்ந்து பொடியாக உதிரும். மாலையில் இரண்டாம் பூச்சு, அடுத்த நாள் மூன்றாவது. வெள்ளையாக இருக்கும் வரை விழும் வெயிலில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும்; அந்த வாரமே இரவில் தளத்தைத் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு கைக்குத் தெரியும். காலை எட்டரைக்குச் சன்னல்களை அடைத்துத் திரையிடுங்கள்; வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு, ஏழரை எட்டு மணிக்குமேல், எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். மாடியில் படுக்க அனுமதி கிடைத்தால் ஒரு கோரைப்பாய் வாங்கிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும். பங்குனி பிறந்ததும் மறுபடி அடிக்க வேண்டும்.